டேட்டா இஸ்ஸா, டேட்டா ஆரா?

ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதி நாலு பேர் பார்வைக்கு அனுப்பிப் பாருங்கள். கட்டாயம் ஒருவர் 'தி டேட்டா ஷோஸ்' என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, 'டேட்டா பன்மை, அதன் ஒருமை டேட்டம், ஆகவே ஷோ என்றுதான் வர வேண்டும்' என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி 'ஒன் ஆஃப் தி ரீசன்' இருக்கும். அதற்குக் கீழே 'எவிடென்சஸ்' இருக்கும். அவை இரண்டும் தப்பு, ஆனால் அவர் கண்ணில் பட்டிருக்காது. ஆங்கிலப் பன்மையைப் பற்றி நம் ஆட்கள் போடுகிற சண்டையில் எனக்குள்ள மனக்குறை இதுதான். லத்தீன் மூலத்தைத் தோண்டுகிற அக்கறையில் பாதி, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எண்ண முடியுமா முடியாதா என்று பார்ப்பதில் இல்லை.

முதலில் டேட்டா பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். லத்தீனில் அது பன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் எண்ண முடிந்தால்தானே பன்மை? த்ரீ புக்ஸ், த்ரீ சேர்ஸ் என்கிறோம். 'த்ரீ டேட்டா' என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? 'டேட்டா ஆர்' என்று அடம்பிடிக்கிறவரே அடுத்த பத்தியில் 'டூ மச் டேட்டா' என்று எழுதுவார். பன்மை என்றால் 'டூ மெனி' அல்லவா வர வேண்டும்? வராது. வாட்டர், சேண்ட் மாதிரி அளக்கிற பொருளாக அந்தச் சொல் மாறி வெகுகாலம் ஆகிறது.

இது டேட்டாவுக்கு மட்டும் நடந்த கதையும் அல்ல. அஜெண்டா என்பது அஜெண்டம் என்ற லத்தீன் சொல்லின் பன்மை. ஸ்டாமினாவும் அப்படித்தான், அதன் ஒருமை ஸ்டாமென். 'தி அஜெண்டா ஆர் ரெடி' என்று எழுதச் சொல்லி யாரும் சிவப்பு மை எடுப்பதில்லை. போதாததற்கு அஜெண்டாஸ் என்று பன்மைக்கு மேல் இன்னொரு பன்மையும் வந்து உட்கார்ந்துவிட்டது. டேட்டா இப்போது பாதி வழியில் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கூச்சல். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு பொது வாசகர்களுக்கு எழுதும்போது ஒருமை, அறிவியல் எழுத்தில் பன்மை என்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு பன்மையாகவே எழுதச் சொல்கிறது. என் தீர்ப்பு: ஆய்விதழ் கேட்டால் 'ஆர்', மற்ற இடங்களில் 'இஸ்'. ஒரே அறிக்கையில் முதல் பக்கம் 'இஸ்', மூன்றாம் பக்கம் 'ஆர்' என்று இருப்பது மட்டும் மன்னிக்க முடியாதது.

இதை வைத்துக்கொண்டு 'அப்படியானால் கிரைட்டீரியாவும் ஒருமைதானே' என்று கிளம்பிவிடாதீர்கள். 'த்ரீ கிரைட்டீரியா' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோம். எண்ண முடிகிறது, அதனால் அங்கே பன்மை உயிரோடு இருக்கிறது. ஒன்று என்றால் கிரைட்டீரியன். ஃபினாமினாவும் அப்படித்தான், ஒன்று என்றால் ஃபினாமினன். ஆக்டோபஸின் பன்மை ஆக்டோபை என்று திருத்துகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை: ஆக்டோபை என்பது லத்தீன் பாணிப் பன்மை, ஆனால் அந்தச் சொல்லின் வேர் கிரேக்கம். மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமென்றால் ஆக்டோபோடிஸ் என்று எழுத வேண்டும். சும்மா ஆக்டோபஸஸ் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஒருமை பன்மை காலத்தோடு எப்படி நகரும் என்பதற்கு நான் ரசித்த சான்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அடிமை முறையை ஒழித்த 13வது திருத்தம் 1865இல் வந்தது. அதில் யுனைடெட் ஸ்டேட்ஸைக் குறிக்க 'தேர் ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று, 'அவற்றின்' என்ற பொருளில், பன்மையில் எழுதியிருக்கிறார்கள். இன்று ஒரு பள்ளி மாணவன் 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். பெயரில் எஸ் அப்படியே இருக்கிறது. மக்கள் அதை ஒரே நாடாக நினைக்கத் தொடங்கியதும் வினை மாறிவிட்டது.

சரி, நாம் வழுக்குகிற இடத்துக்கு வருவோம். தமிழில் 'மரம் விழுந்தது' என்றாலும் சரி, 'மரம் விழுந்தன' என்றாலும் சரி. எத்தனை மரம் என்பதை வினை பார்த்துக்கொள்ளும், பெயர் கவலைப்படாது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். பத்து மரம், நூறு வீடு என்று எண் வந்துவிட்டால் பேச்சில் 'கள்' தேவையே இல்லை. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எண்ணக்கூடிய பொருள் என்றால் ஒன்றா பலவா என்று பெயர்ச்சொல் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். பழக்கதோஷத்தில் நாம் சில இடங்களில் எஸ்ஸை விட்டுவிடுகிறோம். அதற்குப் பயந்து வேறு சில இடங்களில் தேவையில்லாமல் ஒட்டிவிடுகிறோம்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' மட்டும் எனக்குப் புரியாத புதிர். தமிழில் யாரும் 'என் நண்பனில் ஒருவன்' என்று சொல்வதில்லை. 'என் நண்பர்களில் ஒருவன்' என்று சுத்தமாகப் பன்மை வைத்துத்தான் சொல்கிறோம். பலரிலிருந்து ஒருவரை எடுக்கிறோம் என்ற கணக்கு நம் மொழியிலேயே சரியாக இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனதும் 'ஒன்' என்ற சொல்லைப் பார்த்து மனம் ஒருமைக்குத் தாவிவிடுகிறது போலும்.

எஸ்ஸைத் தேவையில்லாமல் ஒட்டுகிற கதை இன்னும் பெரிது. இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ், எக்விப்மென்ட்ஸ், அட்வைசஸ், சாஃப்ட்வேர்ஸ். இப்படி எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்து போடுகிற மீம்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்ஃபர்மேஷனுக்குப் பன்மை உண்டு. நாற்காலி மேசையை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது என்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது? சஜஷன்ஸ் சரி, அட்வைசஸ் தப்பு. ஜாப்ஸ் சரி, வேலை என்ற பொருளில் ஒர்க்ஸ் தப்பு. மெஷின்ஸ் சரி, மெஷினரீஸ் தப்பு. சாங்ஸ் சரி, மியூசிக்ஸ் தப்பு. மெயிலை எண்ணக் கூடாது, ஆனால் அதிலிருந்து பிறந்த இமெயிலை எண்ணலாம். யோசித்துக் கண்டுபிடிக்கிற சமாசாரம் அல்ல இது. ஒவ்வொரு சொல்லாகப் பழகித்தான் ஆக வேண்டும்.

பழக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சில இடங்களில் அந்த ஓர் எஸ் பொருளையே மாற்றிவிடும் என்பதுதான். சரக்கு உடைந்து வந்திருக்கிறது. அனுப்பிய நிறுவனத்துக்கு, சேதத்தைப் பார்வையிடுங்கள் என்ற நினைப்பில் 'ப்ளீஸ் அசெஸ் தி டேமேஜஸ்' என்று கடிதம் போடுகிறீர்கள். டேமேஜ் என்றால் சேதம். சட்ட மொழியில் டேமேஜஸ் என்றால் இழப்பீட்டுத் தொகை. நீங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னீர்கள். அங்கே உள்ள வழக்கறிஞர் நீங்கள் பணம் கேட்பதாகப் படிப்பார். வேலைக்கான விண்ணப்பத்திலும் இப்படித்தான். பத்து வருடப் பணி அனுபவம் என்றால் எக்ஸ்பீரியன்ஸ். எக்ஸ்பீரியன்சஸ் என்று எழுதினால் வாழ்க்கையில் நடந்த சம்பவங்களைச் சொல்ல வருகிறீர்கள் என்று ஆகிவிடும். எழுத்துப்பிழை திருத்துகிற மென்பொருளை நம்பி விட்டுவிடவும் முடியாது. இவை எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள்தானே, அது பாட்டுக்குச் சும்மா இருந்துவிடும்.

எண்ணோடு சேர்ந்து அடைமொழியாக வரும்போது பன்மை காணாமல் போவதும் உண்டு. ஃபைவ் இயர்ஸ் என்று தனியாக எழுதலாம். திட்டத்துக்கு முன்னால் வந்தால் ஃபைவ் இயர் பிளான். பூஜ்யத்துக்கும் ஜீரோ மிஸ்டேக்ஸ் என்று பன்மைதான். ஒன்றுமே இல்லாததற்கு எதற்குப் பன்மை என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது.

சில்ட்ரன் என்ற சொல்லில் ஏற்கெனவே இரண்டு பன்மை விகுதிகள் அடுக்கி இருக்கின்றன. பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த ஆர் (r) என்ற எழுத்து ஒன்று, பின்னாளில் அதன் மேல் ஏறிய ஈஎன் (en) இன்னொன்று. 'சில்ட்ரன்ஸ் ஆர் பிளேயிங்' என்று எழுதுகிறவர் மூன்றாவதை ஏற்றுகிறார், அவ்வளவுதான்!

பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி (') குறி போடுகிற பழக்கத்துக்கு ஆங்கிலேயர்களே குரு. அதை எதிர்த்து இங்கிலாந்தில் 2001இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். தொடங்கியவர் 2019இல் சங்கத்தை மூடுவதாக அறிவித்தார். விதி சின்னது: எஸ் பன்மைக்காக வந்தால் குறி வேண்டாம், பெயர்ச்சொல்லோடு உடைமைக்காக வந்தால் வேண்டும். 1990ஸ் என்பதற்கும் வேண்டாம்.

எந்தச் சொல்லை எண்ணலாம் என்று சந்தேகம் வந்தால் கூகுளில் எத்தனை பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடாதீர்கள். இன்ஃபர்மேஷன்ஸ் அங்கே மலை மாதிரி குவிந்து கிடக்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு போன்றவர்கள் போடுகிற அகராதிகளைப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணக்கூடியது என்றால் சி, எண்ண முடியாதது என்றால் யு என்று ஓர் எழுத்தோ, கவுண்டபிள், அன்கவுண்டபிள் என்ற முழுச் சொல்லோ இருக்கும். எக்ஸ்பீரியன்ஸ் போன்ற சொற்களுக்கு ஒரு பொருளில் சி, இன்னொரு பொருளில் யு என்று பிரித்தே போட்டிருப்பார்கள்.