மோட்டாரைப் பாருங்க சார், அப்புறம் விவசாயியைத் திட்டலாம்

கோயம்புத்தூர் கருத்தரங்கு ஒண்ணுல விவசாயிக்குக் கொடுக்குற இலவச கரண்டைப் பத்தி ஒருத்தர் பேசின வீடியோ சுத்துது, அதைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா நம்ம ஊர்க்காரங்களே "சரியாத்தானே சொன்னார்"னு ஷேர் பண்றதைப் பார்த்தா பொறுக்க முடியல.

"ஓசி கரண்ட் கொடுத்தா விவசாயிக்கு மோட்டாரை நிறுத்தக்கூடத் தோணாது." அவர் இப்படிச் சொல்லி முடிச்சதும் என்னா கைதட்டு! கோயம்புத்தூர் வெயில்ல கோட்டு போட்டு உட்கார்ற அளவுக்கு அங்க ஏசி. ஏசியை ஒரு டிகிரி கூட்டி வச்சா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் பணியகமே சொல்லுது. அது விவசாயிக்கு மட்டும் சொன்னது போல.

எங்கப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுறவர். கருகின காயிலைப் பிரிச்சுப் போட்டா அந்த நாத்தம் ராத்திரி சோறு வரைக்கும் கூடவே வரும். ஏன் கருகுது? வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் ஆம்ப்ஸ் அதிகமா இழுக்கும், சூடேறும், போச்சு. அதுக்குப் பயந்தே 5 ஹெச்பி போதுங்கிற இடத்துல 7.5 இறக்குறாங்க. மோட்டார் ஓட வேண்டிய மும்முனை கரண்ட் எப்ப வரும்னு தெரியாம, கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானா ஓட விடுற ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுட்டுப் படுக்குறாங்க. இதுக்குப் பேரு சோம்பேறித்தனமா?

மோட்டாரைப் பாருங்க. தண்ணி எந்த ஆழத்துல கிடக்குன்னு பாருங்க. ஆயிரம் அடியிலிருந்து ஆயிரம் லிட்டரைத் தூக்க, துளி நட்டமில்லாத மோட்டாருக்கே 0.83 யூனிட் வேணும். நூறு அடியில இருந்தா அதுல பத்துல ஒரு பங்கு. நம்ம பம்புசெட்டு நிலைமைக்கு இது ரெண்டு மடங்குக்கு மேல ஆகும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024ல ஓட ஆரம்பிச்சு 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி விடுறாங்களே, நிலத்தடி நீர் மேல வந்தா அதுதான் பெரிய மின்சிக்கனம். அதை ஏன் எந்த மேடையிலும் பேசல?

"இலவசம்னாலதானே நல்ல மோட்டார் வாங்க மாட்டேங்கிறாங்க?"ன்னு கேப்பீங்க. கொஞ்சம் உண்மை இருக்கலாம். பில் கட்டாதவனுக்கு மிச்சத்துல லாபமில்ல. அப்ப லாபம் யாருக்கு? கரண்ட் கொடுக்குறவங்களுக்கு. புது மோட்டாருக்கு அவங்கதானே காசு போடணும்? எங்கப்பாவே "இனி இதைக் கட்டாதீங்க, புதுசு வாங்கிக்கங்க"ன்னு சொல்லுவார், தன் பொழப்பைத் தானே கெடுத்துக்கிட்டு. வந்தவர் பதில் பேச மாட்டார். பழைய மோட்டாரையே திரும்பக் காட்டுவார்.

"தண்ணி வீணாகுது"ங்கிறவங்க ஒருக்கா எங்க பக்கம் வந்து வாய்க்கால்ல தண்ணியைத் திறந்து விடுற பாசனம் இன்னும் எத்தனை தோட்டத்துல மிச்சம் இருக்குன்னு எண்ணிட்டுப் போங்க. இதுக்கு மேல பதில் இல்ல.

எனக்குக் கணக்கு கூட வலிக்கல, அந்த "ஓசி"தான் வலிக்குது. மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடின மூணு விவசாயிங்க 1970ல திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர்ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. எல்லா விவசாயிக்கும் இலவசம்னு ஆக அப்புறம் இருபது வருசம் ஆச்சு. சும்மா தூக்கிக் கொடுத்ததில்லைங்க அது. கைதட்டினவங்க பெருமாநல்லூர் நாலு ரோட்டுல நின்னு அந்த வார்த்தையை ஒருக்கா சத்தமாச் சொல்லிப் பாருங்களேன்.