சீனக்குடாக் குதத்தோடு நின்றுவிடும் 1942

திருகோணமலைக்கு வருகிற யாரைச் சீனக்குடாப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாலும் அவருக்குக் கேட்கக் கிடைப்பது ஒரே கதைதான். 1942 ஏப்ரல் 9 அன்று ஒரு ஜப்பானிய விமானி வேண்டுமென்றே எண்ணெய்க் குதத்துக்குள் பாய்ந்தான், அது நாள்கணக்கில் எரிந்தது, உலகின் முதல் கமிகாசி, அதாவது தற்கொலைத் தாக்குதல் விமானி, அவன்தான்! எரிந்தது உண்மை. கனத்த இரும்புத் தகடு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மடிந்து காட்டுக்குள் கிடப்பதைப் பார்த்தால் அந்தச் சூடு விளங்கும். ஆனால் கமிகாசிப் படைப்பிரிவு உருவானது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். அடிபட்டு விழப்போகிற விமானத்தை எதன் மேலாவது மோதவிட்ட விமானிகள் பல நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். அதற்குத் தனிப் பட்டம் தேவையில்லை.

எனக்குள்ள எரிச்சல் அந்தக் கதை மீதில்லை. அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறதே, அதுதான்.

வந்தது சாதாரணப் படையா? நான்கு மாதம் முன்பு பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை. அகாகி, சோரியூ, ஹிரியூ, ஷொக்காக்கு, சுய்க்காக்கு என்று 5 விமானந்தாங்கிகள். ஏப்ரல் 4 மாலை கனேடிய விமானி பேர்ச்சல் தன் கட்டலீனா வேவு விமானத்தில் இருந்து இவர்களைக் கண்டு செய்தி அனுப்பினார், உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். அப்படியிருந்தும் மறுநாள் கொழும்பில் பிரித்தானியரின் ஹரிக்கேன் சண்டை விமானங்களில் பல தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். இங்கே திருமலையில் ராடார் நேரத்தோடு பிடித்துக் கொடுத்தது, ஹரிக்கேன்கள் மேலே ஏறிக் காத்திருந்தன. முதல்நாள் இரவே துறைமுகத்துக் கப்பல்களை வெளியே போகச் சொல்லியுமிருந்தார்கள்.

அப்படிப் போனதில் ஒன்றுதான் பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது, ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் சீனக்குடாவில் நின்றன. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் வைத்து ஜப்பானியர் அதை முடித்துவிட்டார்கள். 307 பேர் இறந்தார்கள். கூடப் போன வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் தாண்டது. மட்டக்களப்புக்காரர் இன்றும் ஹேர்மிஸைப் பற்றிக் கதைப்பார்கள், அதைப் பார்க்கவென்றே சுழியோடிகள் வருகிறார்கள். அது புறப்பட்ட ஊரான நமக்குத்தான் அந்தப் பெயர் மறந்துபோயிற்று.

இனி, யாருமே சொல்லாத பகுதி. அதே காலை கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இருந்து எழும்பிய பிரித்தானியரின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களில் 9, திருமலைக்குக் கிழக்கே நகுமோவின் கப்பல்களைக் கண்டுபிடித்தன. மேலே காவல் விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன, கீழே கப்பல் தளத்தில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அகாகியைச் சுற்றிக் கடல் தண்ணீர் தூணாக எழும்பிய பிறகுதான் தலைக்கு மேல் ஆள் வந்தது தெரிந்தது. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை, பிளென்ஹைம்களில் 5 திரும்பவில்லை. கணக்குப் பார்த்தால் படுதோல்விதான். ஆனால் ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லை, உயரத்தில் வருகிறவனை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது என்பது அன்றே வெளிச்சமாகியது. ஏப்ரல் 5 அன்று தரையைத் தாக்கத் தயாரான ஜப்பானிய விமானங்களுக்குக் கப்பலைத் தாக்கும் டோர்பிடோ மாற்றப்போய் நேரம் தின்றதும் நடந்திருந்தது. நகுமோ இரண்டையும் திருத்தவில்லை. ஜூன் 4, பசிபிக் கடலில் அமெரிக்கரோடு நடந்த மிட்வே சண்டையில் அதே இரண்டு ஓட்டைகளும் ஒரே நேரத்தில் திறந்தன. அகாகி, சோரியூ, ஹிரியூ மூன்றும் அங்கே முடிந்தன, அவற்றோடு காகா என்ற விமானந்தாங்கியும்.

மிட்வே பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நம் பெடியள் அதன் ஒத்திகை எங்கள் கடலில் நடந்ததை ஒரு வரியாவது எழுதக்கூடாதா?

குதத்தைக் காட்டுங்கள், தீயைச் சொல்லுங்கள், அப்புறம் கடல் பக்கம் திரும்பி இதையும் சொல்லுங்கள். 1944 ஓகஸ்டில் வேலியன்ட் போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருந்த மிதக்கும் திருத்துதளம், எதிரி யாரும் இல்லாமலே திருமலைத் துறைமுகத்துக்குள் உடைந்து தாண்டது இன்னொரு கூத்து. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.