தானசெட்டில்மெண்டை நினைத்தபோது ரத்து செய்யலாமா?

‘60 வயது கடந்தவர், பிள்ளைக்கு எழுதிய தானசெட்டில்மெண்டை (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எப்போது வேண்டுமானாலும் சார்பதிவாளரிடம் ரத்து செய்யலாம்’ என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறு.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) பிரிவு 23-இன்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளை அதை மீறினால்தான் ரத்து செய்ய வழி பிறக்கும். அதற்கும் போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். ஏற்காட்டுக் காபித் தோட்டமானாலும் அப்படியே.

சிக்கல் பத்திரத்தில்தான். ‘அன்பினால் எழுதிக்கொடுத்தேன்’ என்று மட்டும் இருந்தால், நிபந்தனை இருந்ததை நிரூபிப்பது கடினம். நிபந்தனை இருந்ததை நிரூபித்தே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2025-இல் சற்றுத் தாராளமாகப் பார்த்தது. அதை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடாதீர்கள். உணவு, மருத்துவம், தங்குமிடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆயுட்கால அனுபவ உரிமையையும் (உயிருள்ளவரை சொத்தை நீங்களே அனுபவிக்கும் உரிமை) சேருங்கள். பத்திரம் எழுதுபவர் ‘வழக்கமான வாசகம் போதும்’ என்பார், கேட்காதீர்கள்.

முடிவெடுக்கத் தயக்கமா? உயில் எழுதலாம், அதை உயிருள்ளவரை மாற்றலாம்.