எம்.டெக். இல்லாமல் பி.எச்டி.: ஒரு திருத்தம்

எம்.டெக். முடிக்காதவர்கள் இந்தியாவில் பொறியியல் பி.எச்டி.யில் சேரவே முடியாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலரும் வழிமொழிந்திருக்கிறார்கள். இன்றைய விதி அதுவல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

2022 நவம்பரில் அரசிதழில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் பி.எச்டி. ஒழுங்குமுறைகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண்ணோ அதற்கு இணையான தரமோ பெற்றவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வும் உண்டு. பி.இ., பி.டெக். ஆகியவை நான்காண்டுப் படிப்புகளே என்பதால், இந்த வழி பொறியியல் பட்டதாரிகளுக்கும் பொருந்தும். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தமக்கெனத் தனி விதிகள் வகுத்துக்கொள்பவை. அங்கு இளநிலைப் பட்டதாரிகளை நேரடியாகச் சேர்ப்பது 2022க்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

தகுதி இருப்பதாலேயே இடம் கிடைத்துவிடாது. நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் வழக்கம்போல உண்டு. சில பல்கலைக்கழகங்கள் கூடுதல் நிபந்தனை விதிப்பதும் உண்மைதான் (குழப்பம் அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்).

சரிபார்க்க விரும்புவோர், மானியக் குழுவின் இணையதளத்தில் உள்ள 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் சேர்க்கைத் தகுதி பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, தாம் சேர நினைக்கும் நிறுவனத்தின் நடப்பாண்டு அறிவிக்கையையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.