எத்தனை மேட்ச் ஆடியிருக்கார்?

சனிக்கிழமை நடந்த ஃபுட்பால் அரட்டை லைவைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள், நிம்மதியாகத் தூக்கம் வரும். இத்தாலிய ஃபுட்பால் கோச் சாரியின் பேரை நான் எடுத்ததும் அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்ததே, இரண்டு நாளாக அதுதான் தொண்டையில் நிற்கிறது. "பேங்க் கிளார்க்குப்பா அந்த ஆளு, எத்தனை மேட்ச் ஆடியிருக்கார்?" பேரிலேயே சாரி இருக்கிறது என்று கீழே ஒரு ஜோக் வேறு. அதற்கு ஹார்ட்டின் போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு, பார்த்தேன்.

சரி, பதில் சொல்லிவிடுகிறேன். தொழில்முறையில் ஒரு மேட்ச்கூட இல்லை. மவுரிசியோ சாரி இத்தாலியின் டஸ்கனியில் ஃபிலீனே என்ற சின்ன ஊரின் அமெச்சூர் டீமில் டிஃபெண்டர். பகலில் வங்கி. 1990-ல் ஸ்தியா என்ற ஊரின் டீமுக்குக் கோச் ஆனார், லீக் ஏணியில் தரையை ஒட்டிய படி அது. வங்கி வேலையை அவர் விட்டதே நாற்பது வயதை ஒட்டித்தான். அப்புறம் ஒவ்வொரு டிவிஷனாக ஏறி, இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆவில் கோச்சாக முதல்முறை பெஞ்சில் உட்கார்ந்தது 2014-ல், எம்போலி என்ற டீமோடு. வயது 55. நடுவில் இருபத்திநாலு வருஷம் போயிருக்கிறது. அதைத்தான் இவர்கள் ஒரு "கிளார்க்"கில் முடித்துவிடுகிறார்கள். அவர் கவுண்டரில் உட்காரவும் இல்லை, லண்டன், சூரிக் என்று வங்கி வேலையாகவே போய் வந்தவர். உட்கார்ந்திருந்தால்தான் என்ன கேவலம்? இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

சின்ன டீம் டிஃபெண்டர் என்பதைக் குறையாகவே பேசுகிறார்கள். எனக்கு அங்கேதான் விஷயமே இருக்கிறது. கால்வேகம் இல்லாத டிஃபெண்டர் எங்கே நிற்பது என்று யோசித்தே பிழைக்க வேண்டும். எம்போலியில் சாரி ட்ரோன் வைத்துப் பயிற்சியைப் படம் பிடித்தார், பின்வரிசை நாலு பேரும் எப்படி நகர்கிறார்கள் என்று மேலிருந்து பார்ப்பதற்கு. ஆளைப் பார்த்து ஓடாதே, பந்து எங்கே என்று பார்த்து நகரு என்பதுதான் பாடம். பந்து அரை அடி பின்னால் போனால் நாலு பேரும் ஒன்றாக மேலே ஏற வேண்டும். அதற்கு முன் சான்சொவினோ என்ற சின்ன டீமில் இருந்தபோது கார்னருக்கும் ஃப்ரீகிக்குக்கும் முப்பத்திமூன்று திட்டம் வைத்திருந்தாராம், 'மிஸ்டர் 33' என்று பட்டப்பேரே வந்துவிட்டது. இதெல்லாம் காலில் இருந்தா வருகிறது?

"கப் எங்கே?" என்பீர்கள். அவர் கோச்சாக இருந்த நாப்போலி 2017-18 சீரி ஆவில் 91 பாயிண்ட் எடுத்து இரண்டாவதாக வந்தது. டூரினில் யுவென்டஸுக்கு எதிராக 90-வது நிமிஷம் நாப்போலி டிஃபெண்டர் கூலிபாலி தலையால் முட்டிப் போட்ட கோலை நான் இன்றைக்கும் போட்டுப் பார்ப்பேன். அடுத்த வாரமே ஃபியோரென்டினாவிடம் 3-0 வாங்கியதும் தெரியும், அதை ஞாபகப்படுத்த வேண்டாம். அப்புறம் செல்சி கோச்சாக யூரோப்பா லீக் கப், யுவென்டஸ் கோச்சாக சீரி ஆ கப். "ரொனால்டோ இருந்தா யாரும் ஜெயிப்பாங்க" என்று உடனே வருவீர்கள். வாருங்கள். முன்பு அரெஸ்ஸோ டீமில் கோச்சாக இருந்த அவரைத் தூக்கிவிட்டு அந்தோனியோ கோன்டேயைத் திரும்பக் கூப்பிட்டதையும் சொல்வீர்கள். உண்மை. ஆனால் யுவென்டஸில் வருஷக்கணக்கில் ஆடிய அந்தக் கோன்டேயை அதே சீசனில் முதலில் தூக்கித்தானே இவரைக் கொண்டுவந்தார்கள்? கடைசியில் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கோன்டே ஆடிய அத்தனை மேட்சில் எத்தனை அங்கே உதவியது?

2016-ல் எதிரணி இன்டரின் கோச் மான்சினியைப் பார்த்து அவர் சொன்ன அந்த அசிங்கமான வார்த்தைக்கு நான் முட்டுக் கொடுக்கப் போவதில்லை. தப்பு, தடை வாங்கினார், அவ்வளவுதான்.

இதே கேள்விக்கு இன்னொரு இத்தாலிய கோச் அரிகோ சாக்கி எப்போதோ பதில் சொல்லிவிட்டார். ஷூ விற்றுக்கொண்டிருந்தவர், அவரும் சின்ன டீம் டிஃபெண்டர். ஜாக்கி ஆவதற்கு முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். அவர் கோச்சாக இருந்தபோது மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை 1989-ல் ஒன்று, 1990-ல் ஒன்று.

உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நேற்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டான். சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால் ஆபீஸ் விட்டு வந்து எங்கள் தெருப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கோன் வாங்கக் காசில்லாமல் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி மணல் போட்டு வைப்பேன். ஒரு பையனின் அப்பா வந்து, ரொம்ப மரியாதையாகத்தான், "சார் எந்த லெவல் வரைக்கும் ஆடினீங்க?" என்றார். நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மறுநாள் பையன் வந்து பயிற்சிக்கு மேலே போடும் பிப்பைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல லெஃப்ட் பேக் அவன். இப்போது ஆடுவதே இல்லையாம்.

அவர் கேட்டதில் தப்பில்லை என்று சிலர் சொல்வீர்கள். இருக்கட்டும். எனக்கு வலித்தது, அதையும் சொல்லக்கூடாதா?

அடுத்த சனிக்கிழமை லைவுக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். வரமாட்டேன். கேட்கப்போகும் கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில்: டிவிஷன் லீக்கில் 11 மேட்ச். அதில் 4 சப்ஸ்டிடியூட். ஒரு செல்ஃப் கோல்.