நாயத் துரத்தினவங்களே எலும்ப போட்டுட்டுப் போறாங்க

நேத்து மட்டக்களப்பு பாசிக்குடாக் கடக்கரையில நடந்தத நெனச்சா இன்னும் நெஞ்சு கொதிக்குது. ஒரு நாயக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறது அவ்வளவு பெரிய குத்தமா?

பஸ்ஸில ஏத்த மாட்டாங்க, அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்ச ஓட்டோ ஒண்டு பிடிச்சி, சீற்றுக்கு பழைய பெட்சீற் விரிச்சி, கல்லடியில இருந்து ஏறாவூர், செங்கலடி, கிரான் எல்லாம் தாண்டி 35 கிலோமீட்டர் போல, விடிய முன்னமே வெளிக்கிட்டம். வீட்டுக்குப் பக்கத்துலயே கடல் இரிக்கு, ஆனா கல்லடியில அலை அடிக்கிற அடிக்கு என்ட நாய் ஜிம்மி கிட்டயும் போகாது, பாசிக்குடாவுலதான் கன தூரம் நடந்தாலும் தண்ணி ஆழமில்ல. உப்புத் தண்ணி குடிச்சா வயித்தால போகும்ண்டு ரெண்டு போத்தல் வீட்டுத் தண்ணி, குடிக்க ஒரு சட்டி, தடுப்பூசி காட், அதுட கக்காவ அள்ள பை. இவ்வளவும் தூக்கிட்டுப் போனன்.

போய் எறங்கி பத்து நிமிசம் இல்ல. மரத்துக்குக் கீழ பாய் விரிச்சி இருந்த குடும்பத்துல ஒருவர் எழும்பி வந்தாரு. "தங்கச்சி, இது மனுசர் குளிக்கிற இடம், நாயக் கொண்டு வாற இடமா?" நான் அமைதியாத்தான் சொன்னன், "அண்ணன், கயித்துலதான் வெச்சிரிக்கன், வருசா வருசம் விசர்நாய் ஊசி போடுற நாய்." "ஊசி போட்டா நாய் மனுசனாகுமா?" எண்டு சத்தமாக் கேட்டாரு, பின்னால இருந்த ஆக்கள் எல்லாம் சிரிச்சாங்க, அவங்கட பொடியன் ஈர மண்ண உருட்டி ஜிம்மிட முகத்துல எறிஞ்சான், ஒருத்தரும் ஏன் எறியிறாய்ண்டு அவனக் கேக்கல்ல. கண்ணுக்குள்ள மண் போயி அது முன்னங்காலால தேய்ச்சி தேய்ச்சி நிண்டிச்சி. கண்ணக் கழுவி விட்டு, ஒரு கதையும் பேசாம கடக்கரையிட மத்தப் பக்கத்துக்கே போயிட்டன்.

மத்தியானம் மணல் கொதிச்சிச்சி, புறங்கைய வெச்சி ஏழெட்டு செக்கன் வைக்க ஏலல்ல, நமக்கே ஏலாட்டி அதுட பாதம் தாங்குமா. நிழலுக்குள்ளயே கெடந்து நாலு மணிக்குத்தான் திரும்ப தண்ணிப் பக்கம் வந்தம். அந்தக் குடும்பம் வெளிக்கிட்டு நிக்குது. பாய உதறுறாங்க, செருப்பத் தேடுறாங்க, சாப்பிட்ட பார்சல் மட்டும் அப்படியே கெடக்கு. 2017லயே தடை செஞ்ச லஞ்ச் சீற், சோறு சுத்துற பொலித்தீன் தாள், ஏழெட்டு இருக்கும், அதுக்குள்ள புரியாணிச் சோறும் கோழி எலும்பும். ஒரு சின்னப் புள்ள குனிஞ்சி அதப் பொறுக்கப் போனா. அந்தப் புள்ளயிட தாய் சொன்னத நான் ரெண்டு காதாலயும் கேட்டன்.

"உடுகா, அத நாய் திங்கும்தானே."

எந்த நாய்? காலமை இங்க வரக்கூடாதுண்டு துரத்தின நாயா? குளிக்க நாய் வரக்கூடாது, உங்கட எச்சில் அள்ள மட்டும் நாய் வரணுமா?

நான் வாயத் திறக்க முந்தி ஜிம்மி கயித்த இழுத்துட்டுப் பாஞ்சி ஒரு தொடை எலும்பக் கவ்விட்டு. வேகவெச்ச கோழி எலும்பு ஊசி மாதிரி பிளக்கும், குடலக் கிழிக்கும். மணல்ல முழங்கால் போட்டு, அதுட வாயப் பிளந்து, கடவாப் பல்லுக்குள்ள விரல விட்டு இழுத்தெடுத்தன். பாதிதான் வந்திச்சி. திரும்ப விட்டன். மத்தப் பாதி தொண்டைக்குக் கிட்ட, கூரா, விரல் நுனியில குத்தி ரெத்தம் வந்திச்சி. அந்த மனுசன் வேன் கதவப் பிடிச்சிட்டுப் பாத்துட்டு நிண்டாரு. "பாத்தியா, நாயிட புத்தி"ண்டு சொல்லிட்டு ஏறிப் போயிட்டாரு.

அந்த எட்டுச் சீற்றையும் நான்தான் பொறுக்கினன், ஜிம்மிட கக்காவுக்குக் கொண்டு போன பையிலயே. மத்த நாய்களும் அங்க திரியுதே, அதுகளுக்கு வாய்க்குள்ள விரல் விட ஆர் இரிக்கா?

வீட்ட வந்து குளிப்பாட்டி, உப்புப் போகக் கழுவி, எலும்புத்துண்டு ஏதும் உள்ள போயிட்டோண்டு பயத்துல பக்கத்துலயே முழிச்சிட்டு இருந்தன். பன்னெண்டு மணிக்குத்தான் அது கண்ண மூடிச்சி. அப்பத்தான் முன் வளவுல ஆருக்கோ பேர்த்டேயாம், சரவெடி கொளுத்துறாங்க, பன்னெண்டு மணிக்கு! கட்டிலுக்குக் கீழ பூந்தது விடியும் வரை வெளிய வரல்ல.