கரும்புகைக்குக் கைதட்டியவர்களுக்கு

முந்தாநாள் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். யார் வண்டி, எந்தப் பட்டறை என்று மறுபடியும் கிளறப்போவதில்லை. சக்தி கூட வேண்டும் என்று பெரிய ஏர் ஃபில்டரும் அகலமான காற்றுக் குழாயும் மாட்டி, டியூன் செய்த ஒரு டீசல் பிக்கப். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அது கரும்புகையைக் கக்கியது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாற்றுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த ரீடிங் எங்கே?" பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சார் புத்தகம் படித்துவிட்டு வந்திருக்கிறார்." ஒரே சிரிப்பு.

ஆமாம், படித்துவிட்டுத்தான் வந்தேன். அதில் என்ன கேவலம்?

காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல்தான் கரும்புகையாக வெளியே வருகிறது. காற்றை அதிகம் இழுக்க வேண்டும் என்றுதானே அந்தப் பெரிய ஏர் ஃபில்டரை மாட்டினீர்கள்? பிறகு எப்படி ஐயா காற்றுக்குப் பஞ்சம் வந்தது? டியூன் என்ற பெயரில் எரிபொருளைக் கொட்டிவிட்டு, அதற்கு ஈடாகக் காற்று வருகிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. நான் கேட்டதும் அதைத்தான். ரீடிங் எங்கே?

"ஃபில்டரை மாற்றியதிலேயே 30 குதிரைத்திறன் ஏறிவிட்டது" என்றார் ஒருவர். இன்றைய டீசல் என்ஜினில் எவ்வளவு எரிபொருள் பீய்ச்சுவது என்பதை ஈசியூ என்ற என்ஜின் கணினி முடிவு செய்கிறது. அதில் வைத்திருக்கும் டார்க் (முறுக்குவிசை) வரம்பைத் தொடாமல், காற்று வரும் வழியை மட்டும் அகலமாக்கினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் விசில் காதில் விழுந்ததும் வண்டி பறப்பதுபோல் இருக்கும். இருக்கட்டும். 30 என்ற எண், சக்தியை அளக்கும் எந்த டைனோ கருவியில் வந்தது?

குழாயைப் பெரிதாக்கியதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. உள்ளே வரும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சார் இருப்பது அந்தக் குழாயில்தான். குழாய் அகன்றால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும். உண்மையில் வருவதைவிடக் குறைவான காற்றே வருகிறது என்று சென்சார் சொல்லும். அந்தப் பொய்க் கணக்கை வைத்துத்தான் ஈசியூ வேலை செய்யும். "கணினி தானே கற்றுக்கொள்ளும்" என்கிறார்கள். ஓரளவுக்குத்தான் கற்றுக்கொள்ளும். அந்த ஓரளவு எவ்வளவு என்பதும் ரீடிங்கில்தான் தெரியும்.

வெப்பத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. கம்பெனி மாட்டித் தந்த ஃபில்டர் பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் அது வெளிக்காற்றை இழுக்கிறது. திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கிறது. 30 டிகிரி காற்று 60 டிகிரியானால் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். "வண்டி ஓடும்போது குளிர்ந்துவிடுமே" என்பீர்கள். நெடுஞ்சாலையில் சரி. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஊர்ந்து போகும்போது? பிக்கப் வாங்குவதே அதற்குத்தானே?

என் மைத்துனர் வண்டியிலும் இப்படித்தான் திறந்த ஃபில்டர் மாட்டினார்கள். ஒருநாள் கிளாம்பைத் தளர்த்தி, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே இருந்த குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். முகப்பவுடர் போல மெல்லிய பழுப்புத் தூசி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. டர்போ சக்கரத்தின் இதழ் முனைகள் கூர்மை போய் மழுங்கியிருந்தன. ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் தூசி! அது டர்போவோடு நிற்குமா? சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கத்தான் செய்யும். அவரிடம் காட்டினேன். "உங்களுக்கு எதிலும் குறைதான் தெரியும் மாமா" என்றார்.

"கம்பெனிக்காரன் வேண்டுமென்றே சக்தியைக் குறைத்து விற்கிறான்" என்று வருவீர்கள். ஒரே என்ஜினை இரண்டு மூன்று திறன்களில் விற்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் திறன் கூடிய மாடலில் டர்போ, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கிளட்ச் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? "அவர் வண்டி, அவர் பணம்." சரி, புகையும் அவர் மூக்குக்குள் மட்டும் போகட்டும். "உனக்குப் பொறாமை." இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எத்தனை பேருடைய வண்டிக்கு அடியில் படுத்து, கை கருக வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறேன்! டியூனிங்கே கூடாது என்று எப்போதாவது சொன்னேனா? அளந்து செய்யுங்கள் என்றேன். அதற்கு நான் கேலிப்பொருளா? தெரிந்தவர்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டதுதான் தாங்கவில்லை.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர் நேற்று இரவு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். அவர் வண்டியிலும் அதே பட்டறையின் டியூன்தானாம். மேடேறும்போது கிளட்ச் வழுக்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். டியூனுக்கு முன்பு ஈசியூவில் இருந்த கம்பெனி ஃபைலை உடனே திரும்ப ஏற்றச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுப் பார்த்தாராம். பழைய ஃபைலை யாரும் எடுத்து வைக்கவே இல்லையாம்.